ஈசிஎம் போச்சா? பெட்டியை மாற்றுவதற்கு முன் கொஞ்சம் புரிந்துகொள்வோம்

கார் ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆகிறது. ஒர்க்‌ஷாப்பில் பிளக் மாற்றுகிறார்கள், காயில் மாற்றுகிறார்கள், பெட்ரோல் பம்ப் மாற்றுகிறார்கள். எதற்கும் மசியவில்லை என்றால் கடைசியில் வரும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "ஈசிஎம் போச்சு சார்." அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது சொன்னவருக்கும் அரைகுறை, கேட்டவருக்கும் அரைகுறை. தெரியாத இடத்தில் பழியைப் போடுவது எல்லோருக்கும் வசதி.

ஈசிஎம் கெடவே கெடாது என்று நான் சொல்ல வரவில்லை. கெடும். ஆனால் பெட்டிக்கு வரும் கரண்ட், எர்த், வயர் ஆகியவற்றில் உள்ள கோளாறுகள் அதன் பெயரில் எழுதப்படுவதுதான் அதிகம். இன்னொரு தப்பெண்ணமும் உண்டு. ஹெட்லைட் பல்பு மாதிரி பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மாட்டிய பிறகுதான் பாதி வேலையே ஆரம்பிக்கிறது.

## பெட்டி என்ன செய்கிறது

எஞ்சின் கன்ட்ரோல் மாட்யூல் என்பதன் சுருக்கம்தான் ஈசிஎம். சிலர் ஈசியு என்பார்கள். கியர்பாக்ஸையும் சேர்த்துக் கவனிக்கும் பெட்டியாக இருந்தால் பிசிஎம் என்பார்கள். ஒர்க்‌ஷாப் பேச்சில் மூன்றும் ஒன்றுதான். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய அலுமினியப் பெட்டி, அதில் வயர்கள் வந்து மாட்டும் பெரிய கப்ளர் ஒன்றோ இரண்டோ, கப்ளருக்குள் நூற்றைத் தொடும் அளவுக்குக்கூடப் பின்கள். சில கார்களில் எஞ்சின் பக்கத்திலேயே இருக்கும், சிலவற்றில் டாஷ்போர்டுக்கு அடியில்.

ஆயிரம் பேர் சாப்பிடும் கல்யாணத்தில் சமையல் மாஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். அவர் பெரும்பாலும் கரண்டியைத் தொடுவதே இல்லை. பந்தியில் எத்தனை இலை போட்டாச்சு, சாம்பார் எவ்வளவு மீதி, உலை கொதித்ததா என்று நாலு பக்கமிருந்தும் தகவல் வந்துகொண்டே இருக்கும். அவர் தன் கணக்கை வைத்து 'இன்னும் ரெண்டு படி போடு', 'அடுப்பைக் குறை' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். செய்பவர்கள் வேறு ஆட்கள். மூன்றாம் பந்தியில் சாதம் பற்றாமல் போனால் எல்லோரும் மாஸ்டரைத்தான் திட்டுவோம். ஆனால் இலையை எண்ணிய பையன் தப்பாக எண்ணியிருக்கலாம். அரிசி போட வேண்டியவர் காதில் வாங்காமல் இருந்திருக்கலாம். விடியற்காலையிலிருந்து ஒரு வாய்க் காபிகூட யாரும் கொடுக்காமல் மாஸ்டரே மயங்கிக் கிடக்கலாம்.

காரில் தகவல் கொண்டுவருபவை சென்சார்கள்: எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள் என்பதையெல்லாம் கரண்ட் சிக்னலாக மாற்றி அனுப்பும் சின்னப் பாகங்கள். சொன்னதைச் செய்பவை ஆக்சுவேட்டர்கள்: பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், ஸ்பார்க் உண்டாக்கும் காயில், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் மோட்டார் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். நடுவில் உட்கார்ந்து முடிவெடுப்பது ஈசிஎம். மாஸ்டரின் காபி, பேட்டரியிலிருந்து வரும் கரண்ட்.

எஞ்சினுக்கு இப்படி ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டதற்குப் புகை விதிகள் பெரிய காரணம். பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் 1979-ல் பிஎம்டபிள்யூ 732i காரில் வந்து, பெட்ரோல் அளவையும் ஸ்பார்க் நேரத்தையும் ஒரே பெட்டியின் பொறுப்பில் கொண்டுவந்தது. நம் ஊரில் 90களின் கடைசி வரை கார்புரேட்டர்தான் ராஜா. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி வந்த சாண்ட்ரோ, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐ எஞ்சினோடு வந்தது. அதன் பிறகு மாசு விதிகள் இறுக இறுக, ஸ்க்ரூடிரைவரை வைத்து ஐடிலிங் செட் செய்த காலம் மறைந்துபோனது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்த பிறகு ஈசிஎம்மின் வேலை பல மடங்கு கூடிவிட்டது.

## ஒரு ஸ்பார்க்குக்குப் பின்னால்

மாஸ்டர் உவமை இங்கே கொஞ்சம் பற்றாது, ஏனென்றால் வேகம் அப்படி. எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற 20 மில்லிசெகண்ட்தான் ஆகும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை ஏதாவதொரு சிலிண்டரில் ஸ்பார்க் விழ வேண்டும். விழும் நேரம் ஒரு டிகிரி துல்லியமாக இருக்க வேண்டுமென்றால் கணக்கு மைக்ரோசெகண்டுகளுக்குப் போய்விடுகிறது.

முதலில் எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது கிராங்க் சென்சார். கிராங்க்கோடு சுற்றும் ஒரு பல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. பல கார்களில் அந்தச் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், 58 மட்டுமே வெட்டியிருப்பார்கள். இரண்டு பல் இல்லாத அந்த இடைவெளி சென்சாரைக் கடக்கும்போது ஈசிஎம்முக்கு ஒரு தொடக்கப் புள்ளி கிடைத்துவிடும். இந்தச் சிக்னல் வராவிட்டால் பெரும்பாலான கார்களில் ஸ்பார்க்கும் இருக்காது, பெட்ரோலும் தெளிக்காது. செல்ஃப் மட்டும் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

நிலை தெரிந்த பிறகு ஈசிஎம் தன் நினைவில் இருக்கும் ஒரு அட்டவணையைப் பார்க்கும். இந்த ஆர்பிஎம்முக்கு, இந்த அளவு காற்றுக்கு, இவ்வளவு பெட்ரோல், இந்த டிகிரியில் ஸ்பார்க் என்று கார் கம்பெனி பல மாதம் சோதித்து நிரப்பி வைத்த அட்டவணை அது. இதற்கு மேப் என்று பெயர். பவர் போனாலும் அழியாத ஃப்ளாஷ் என்ற நினைவகத்தில் இருக்கும். ஒரே மாடல் காரில் பெட்ரோல், டீசல், மேனுவல், ஆட்டோமேட்டிக், பிஎஸ்-4, பிஎஸ்-6 ஒவ்வொன்றுக்கும் மேப் வேறு. வெளியே பெட்டி பல சமயம் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும்.

முடிவெடுத்த பிறகு செயல். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இன்ஜெக்டருக்கு 12 வோல்ட் ஏற்கெனவே வந்து காத்துக்கொண்டிருக்கும். ஈசிஎம் கொடுப்பது எர்த் மட்டும். எர்த் கிடைத்ததும் இன்ஜெக்டர் திறக்கும், எடுத்ததும் மூடும். ஐடிலிங்கில் ஒரு முறைக்குத் திறந்திருப்பது சில மில்லிசெகண்டுகள்தான். அந்த எர்த்தைப் போட்டுப் போட்டு எடுக்கும் டிரான்ஸிஸ்டருக்கு டிரைவர் என்று பெயர். பெட்டி உண்மையிலேயே கெடும்போது அடிவாங்கும் இடங்களில் முக்கியமானது இதுதான். பின்னால் திரும்ப வருவோம்.

இதுவரை பார்த்ததில் மனதில் நிற்க வேண்டியது இவ்வளவுதான்: சென்சார் சொல்கிறது, ஈசிஎம் மேப்பைப் பார்த்து முடிவெடுக்கிறது, டிரைவர் வழியாக ஆக்சுவேட்டரை இயக்குகிறது. இந்த மூன்றுக்கும் அடியில் பேட்டரி கரண்டும் நல்ல எர்த்தும் இருந்தாக வேண்டும்.

## செத்ததுபோல் கிடக்கும் பெட்டி

சாவியை ஆன் செய்ததும், எஞ்சின் ஓடுவதற்கு முன், டாஷ்போர்டில் செக் எஞ்சின் லைட் எரிய வேண்டும். பெட்ரோல் காராக இருந்தால் பல மாடல்களில் பின் சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு செகண்ட் முனகும் சத்தமும் கேட்கும். இரண்டும் இல்லை, காரின் மாட்யூல்களோடு பேசும் கருவியான ஸ்கேனரை மாட்டினால் ஈசிஎம் பதிலும் சொல்லவில்லை. மற்ற மாட்யூல்களில் யு0100 என்ற கோட் இருக்கிறது. கோட் என்பது கார் தன் கோளாறைக் குறித்து வைக்கும் எண். யு0100 என்றால் 'ஈசிஎம்மிடமிருந்து பதிலே வரவில்லை' என்று பக்கத்து மாட்யூல் கொடுக்கும் புகார். பெட்டி செத்துவிட்டது என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும்.

முதல் சந்தேகம் கரண்ட் மீது. ஈசிஎம்முக்குப் பொதுவாக ஒரே வழியில் கரண்ட் வருவதில்லை. பேட்டரியிலிருந்து எப்போதும் வந்துகொண்டிருக்கும் வயர் ஒன்று, சாவி ஆன் செய்தால் வருவது ஒன்று, மெயின் ரிலே என்ற மின் சுவிட்ச் வழியாக வருவது ஒன்று. ஒரு ஃபியூஸ் போனாலோ, சில நூறு ரூபாய் ரிலே ஒட்டாமல் போனாலோ பெட்டி எழுந்திருக்காது. சரி, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று, 12 வோல்ட் வருகிறது, ஆகவே கரண்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவார்கள். இது பலரும் விழும் குழி. உள்ளே இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்றுதான் மிச்சம் என்றாலும் மீட்டர் 12 வோல்ட்தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்டக் கரண்டே இழுக்காது. ஈசிஎம் கப்ளரைக் கழற்றிவிட்டு, அந்தக் கரண்ட் வயரில் ஒரு பல்பைக் கொடுத்துப் பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் வயர் நல்ல வயர். மங்கலாக அழுதால் கோளாறு வயரில். ஆனால் இதே பல்பு டெஸ்ட் லாம்ப்பை சென்சார் வயர்களில் வைக்கக் கூடாது. அந்த வயர்கள் அவ்வளவு கரண்டுக்காகப் போட்டவை அல்ல. நல்ல பெட்டியைக் கெடுத்துவைக்க அது சுலபமான வழி.

இரண்டாவது எர்த். இதைச் சோதிப்பவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை ஈசிஎம் கப்ளரின் எர்த் வயரில், கப்ளர் மாட்டியபடியே பின்பக்கத்திலிருந்து. இன்னொரு முனை பேட்டரியின் மைனஸ் முனையில். இப்போது ஒருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். மீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டி, 0.1, 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று துள்ளினால், பாடியில் எர்த் போல்ட் இருக்கும் இடத்தைத் தேடிப் போங்கள். துரு, அல்லது பெயின்டின் மேலேயே முடுக்கிய போல்ட், அல்லது பச்சை பூத்த வளையம் இருக்கும். உப்புத் தாளால் தேய்த்து முடுக்கினால் போகிற கோளாறு. எர்த் ஆடினால் ஈசிஎம் அளக்கும் எல்லா சிக்னலும் ஆடும். அதனால்தான் சம்பந்தமில்லாத ஐந்தாறு கோட் ஒரே நேரத்தில் வரும்போது, ஐந்தாறு சென்சாரை மாற்றுவதற்கு முன் எர்த்தைப் பார்க்கச் சொல்வது.

மூன்றாவது, 5 வோல்ட். பல சென்சார்களுக்கு ஈசிஎம் தானே 5 வோல்ட் கொடுத்து, அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்துத்தான் கணக்குப் போடுகிறது. இதற்கு ரெஃபரன்ஸ் வோல்டேஜ் என்று பெயர். ஒரே 5 வோல்ட் வயரை மூன்று நான்கு சென்சார்கள் பங்கிட்டுக்கொள்வது சாதாரணம். அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் 5 வோல்ட் மொத்தமும் கீழே விழுந்துவிடும். அந்த வயரில் இருக்கும் எல்லா சென்சாரும் தப்புச் சொல்லும். சில கார்களில் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது, ஸ்கேனரும் பேசாது. பெட்டிதான் போச்சு என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கும். சோதனை எளிது: மீட்டரை 5 வோல்ட் வயரில் வைத்துக்கொண்டு, சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் மீட்டர் 5-க்கு ஏறுகிறதோ, அதுதான் ஆள். எல்லாவற்றையும் கழற்றியும் ஏறவில்லை, வயரிலும் ஷார்ட் இல்லை, கரண்டும் எர்த்தும் நல்லபடி என்றால், இப்போது பெட்டியைச் சந்தேகிக்க நியாயம் உண்டு.

வயர் அறுந்தால் வரும் வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். கத்திரி வெயிலில் வேலூரில் நிற்கும் கார். ஸ்கேனரில் கூலன்ட் சூடு மைனஸ் 40 டிகிரி என்று காட்டுகிறது. ரேடியேட்டர் ஃபேன் சாவி ஆன் செய்ததும் முழு வேகத்தில் சுற்றுகிறது. ஈசிஎம்முக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? இல்லை. கூலன்ட் சென்சார் குளிரக் குளிர மின்தடை கூடும் வகை. வயர் அறுந்தால் மின்தடை எல்லையே இல்லாமல் போகிறது, ஈசிஎம் அதைத் தன் அட்டவணையிலேயே மிகக் குளிர்ந்த எண்ணாகப் படிக்கிறது. ஃபேன் ஓடுவது எஞ்சினைக் காப்பாற்ற அது எடுக்கும் முன்னெச்சரிக்கை. அதாவது பெட்டி மிகச் சரியாக வேலை செய்கிறது. பானெட்டைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் எலி கடித்த தடயம் கிடைக்கும்.

போதாக்குறைக்குப் பலவீனமான பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழும் பேட்டரியோடு எந்த ஈசிஎம்மையும் குற்றம் சொல்லாதீர்கள்.

ஆக, பெட்டி போச்சு என்று சொல்பவரோடு சண்டை போட வேண்டியதில்லை. எந்தெந்தப் பின்னில் கரண்ட் பார்த்தீர்கள், செல்ஃப் அடிக்கும்போது எர்த்தில் எவ்வளவு வோல்ட் காட்டியது, 5 வோல்ட் இருந்ததா என்று கேட்டால் போதும். உண்மையில் பார்த்தவர் உடனே எண்ணோடு பதில் சொல்வார்.

## உண்மையிலேயே கெடுவது எப்படி

தண்ணீர்தான் பெரிய எதிரி. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, எஞ்சினுக்குள் தண்ணீர் போகாத கார்களில்கூட டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த எலக்ட்ரானிக்ஸ் நனைந்தன. வண்டி ஆஃபில்தானே இருந்தது, கரண்ட் இல்லையே என்று நினைப்போம். எப்போதும் பேட்டரி கரண்ட் வந்துகொண்டிருக்கும் பின் ஒன்று உண்டு என்று மேலே சொன்னேன் அல்லவா? தண்ணீரில் நிற்கும்போதும் அதில் கரண்ட் உண்டு. அழுக்குத் தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் செம்பு கரைந்து பச்சையாகப் பூக்கும். முதலில் அரிக்கப்படுவது பெரும்பாலும் அந்தப் பின்தான். காய்ந்த பிறகு கார் ஓடும். சில வாரம் கழித்துத்தான் சேட்டை தொடங்கும். வெள்ளத்தில் நின்ற காரில் சாவியைத் திருப்புவதற்கு முன் பேட்டரி மைனஸைக் கழற்றச் சொல்வது இதற்காகவும்தான்.

அடுத்தது முன்னே சொன்ன டிரைவர். பெட்ரோல் இன்ஜெக்டரின் காயில் சாதாரணமாக 12 முதல் 16 ஓம் இருக்கும். ஓடும் கரண்ட் ஒரு ஆம்பியர் அளவு. காயில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி ஓம் குறைந்தால் கரண்ட் பல மடங்கு கூடும், டிரைவர் கருகும். ஸ்பார்க் காயிலுக்கும் இதே கதை. ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் மட்டும் நிரந்தரமாக மிஸ்ஸிங், பிளக், காயில், வயர் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஈசிஎம்மிலிருந்து சிக்னல் மட்டும் வரவில்லை என்றால் இதுதான்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்து ஜம்ப் ஸ்டார்ட் செய்வது, பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைப்பது, ஆல்டர்னேட்டர் அளவுக்கு மேல் சார்ஜ் போடுவது, வருடக்கணக்கான சூட்டிலும் அதிர்விலும் போர்டில் ஈயப்பற்று விரிசல் விடுவது. பிக்கப் கூட்டுகிறேன் என்று சாஃப்ட்வேர் ஏற்றும்போது பாதியில் பவர் போவதும் பெட்டியைக் கல்லாக்கிவிடும்.

பி0601, பி0606 போன்ற கோட்கள் ஈசிஎம் தன் நினைவகத்தையோ பிராசஸரையோ தானே சோதித்து, 'எனக்குத்தான் உடம்பு சரியில்லை' என்று சொல்பவை. இவை வந்தால் சந்தேகம் வலுவாகிறது. அப்போதும் கரண்ட், எர்த் சோதனையை விட்டுவிடக் கூடாது. பவர் தடுமாறினாலும் இவை வருவதுண்டு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். பெட்டி கெட்டது உறுதியானால், எதனால் கெட்டது என்று தெரியாமல் அடுத்த பெட்டியை மாட்டக் கூடாது. ஷார்ட்டான காயில் அங்கேயே இருந்தால் புதுப் பெட்டியின் டிரைவரும் அதே வழியில்தான் போகும்.

## இன்னொரு காரின் பெட்டியை மாட்டினால் என்ன

'பக்கத்தில் இதே மாடல் நிற்கிறது, அதிலிருந்து கழற்றி மாட்டிப் பார்ப்போம்' என்று சொல்லாத ஒர்க்‌ஷாப் இல்லை. பழைய ரேடியோவுக்கு அது சரி. இங்கே கார் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகாது. காரணம் இம்மொபிலைசர். திருட்டைத் தடுக்க சாவிக்கும் காருக்கும் இடையே வைத்த ரகசியக் கோட் அது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் சின்னச் சிப் ஒன்று இருக்கும். அதற்குப் பேட்டரி தேவையில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையம் அதற்குக் கரண்டைத் தூவி எழுப்பி, கோட் என்ன என்று கேட்கும். கோட் ஈசிஎம்மில் பதிந்திருப்பதோடு பொருந்தினால்தான் பெட்ரோல் போகும். பொருந்தாவிட்டால் செல்ஃப் மட்டும் அடிக்கும், அல்லது ஸ்டார்ட் ஆகி இரண்டு செகண்டில் நின்றுவிடும். டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட லைட் கண் சிமிட்டும். கல்யாண மண்டபத்தில் புது மாஸ்டர் வந்துவிட்டார், ஆனால் உக்கிராண அறைச் சாவி அவரிடம் இல்லை. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தால் என்ன?

இம்மொபிலைசர் போக, பெட்டிக்குள் அந்தக் காரின் சேஸிஸ் நம்பர் இருக்கும், மேப் இருக்கும், ஓட ஓடக் கற்றுக்கொண்ட திருத்தங்கள் இருக்கும். டீசல் காமன்ரெயில் கார்களில் இன்னொன்றும் சேரும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் தயாராகும்போதே கொஞ்சம் முன்பின் வித்தியாசத்தோடுதான் வரும். அந்த வித்தியாசத்தை ஃபேக்டரியில் அளந்து, எழுத்தும் எண்ணுமாக இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருப்பார்கள். அதை ஈசிஎம்மில் ஏற்றினால்தான் எந்த சிலிண்டருக்கு எவ்வளவு திருத்தம் என்று அதற்குத் தெரியும். ஏற்றாமல் விட்டால் தட்டும் சத்தம், புகை, கரடுமுரடான ஐடிலிங். புகை வடிகட்டி உள்ள பிஎஸ்-6 டீசலில், வடிகட்டியில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்ற கணக்கையும் புதுப் பெட்டிக்கு மாற்றித் தர வேண்டும்.

மாட்டிப் பார்க்கும் விளையாட்டில் ஆபத்தும் உண்டு. சில கார்களில் புதுப் பெட்டியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் அது அந்தக் காரோடு பூட்டிக்கொள்ளும். பிறகு வேறு காருக்கு ஆகாது. கடைக்காரர் திரும்ப வாங்கவும் மாட்டார்.

## ரிப்பேரா, பழையதா, புதியதா

டிரைவர் கருகியது, ஈயப்பற்று விட்டது, ஒரு பின் அரித்தது போன்றவை போர்டு அளவிலேயே சரிசெய்யக்கூடியவை. நல்ல கைக்காரர் கிடைத்தால் என் தேர்வு முதலில் இதுதான். அதே பெட்டி திரும்பி வருவதால் சாவி, மேப், இன்ஜெக்டர் கோட் எதையும் தொட வேண்டியதில்லை. தண்ணீரில் ஊறிப் போர்டு முழுக்க அரித்துப்போன பெட்டிக்கு மட்டும் இதை நான் சொல்ல மாட்டேன். இன்று ஓடும், மழைக்காலத்தில் நடுரோட்டில் நிறுத்தும்.

இரண்டாவது வழி, சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் பழைய பெட்டி. கார் மாடல் பெயரைச் சொல்லி வாங்கக் கூடாது; லேபிளில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். பாஷ் பெட்டி என்றால் 0 261 என்று தொடங்குவது பெட்ரோல், 0 281 என்று தொடங்குவது டீசல். மிச்ச எண்களில்தான் வகை வித்தியாசம் ஒளிந்திருக்கும். வாங்கிய பெட்டியில் உங்கள் பழைய பெட்டியின் நினைவகத்தை முழுதாகப் படித்து எழுதினால், அது உங்கள் காரின் பெட்டியாகவே மாறிவிடும். இதற்குக் குளோனிங் என்று பெயர். டிரைவர் கருகிய பெட்டியிலும் நினைவகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும் என்பதால் இது பல சமயம் சாத்தியம். நினைவகமே படிக்க வராவிட்டால் இந்த வழி அடைபடும்.

புதுப் பெட்டி, கம்பெனி சர்வீஸ் சென்டர் வழி. பல கார்களுக்குச் சில பத்தாயிரம் ரூபாய் ஆகும். சேஸிஸ் நம்பரை வைத்துச் சரியான சாஃப்ட்வேரை ஏற்றி, சாவிகளைப் பதிந்து தருவார்கள். வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியையும் கையோடு எடுத்துப் போங்கள். பதியாத சாவி புதுப் பெட்டிக்குத் திருட்டுச் சாவிதான்.

சுருக்கமாக, பெட்டியின் உடல் எங்கே கிடைத்தாலும் அதற்குள் உங்கள் காரின் தகவல் வந்து சேர வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும் விலை பேசும்போதே அந்தக் கோடிங் வேலையும் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள்.

## மாட்டும் நாளில்

சாவியை ஆஃப் செய்ததும் கப்ளரைப் பிடுங்கக் கூடாது. ஆஃப் ஆன பிறகும் பல ஈசிஎம்கள் சிறிது நேரம் விழித்திருந்து, கற்றுக்கொண்டதை எழுதி வைக்கும். சில நிமிடம் பொறுத்து, பேட்டரி மைனஸைக் கழற்றி, அப்புறம் கப்ளரின் லீவரை முழுதாகத் திறந்து எடுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே பின் தளரும். எடுத்ததும் கப்ளருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பூத்த பின், பின்னுக்குத் தள்ளப்பட்ட பின், எண்ணெய்க் கசிவு எதுவாக இருந்தாலும் அதைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த பெட்டி. இதே நேரத்தில் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் காயிலையும் ஓம் பார்த்துவிட வேண்டும். புதுப் பெட்டியின் பின்களை விரலால் தொட வேண்டாம். உடம்பிலிருந்து தாவும் நிலைமின்சாரம் போதும் அதைக் கெடுக்க.

சாஃப்ட்வேர் ஏற்றும்போது பேட்டரிக்கு இணையாக நிலையான சார்ஜர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'சார்ஜர் போட்டுட்டு ஆரம்பிங்க' என்று தைரியமாகச் சொல்லலாம். ஏற்றி, சாவி பதிந்து, டீசலாக இருந்தால் இன்ஜெக்டர் கோட்களை எழுதிய பிறகு, த்ராட்டில் எங்கே முழுதாக மூடுகிறது என்பதை ஈசிஎம்முக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை ஸ்கேனரில் உண்டு. அதைச் செய்யாமல் வண்டியை எடுத்தால் ஐடிலிங் ஏறி இறங்கும், சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகும், 'புதுப் பெட்டியும் டூப்ளிகேட்' என்று அடுத்த புரளி கிளம்பும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் முதல் சில நாள் பிக்கப்பும் மைலேஜும் கொஞ்சம் முன்பின் இருக்கும். பெட்ரோல் அளவின் நுண்ணிய திருத்தங்களைப் பெட்டி ஓடி ஓடித்தான் கற்றுக்கொள்கிறது. ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேனர் மாட்டி, எந்தக் கோடும் திரும்பி வரவில்லை என்று பார்த்துவிடுங்கள். பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கச் சொன்னாலும், இந்த ஒரு வாரம் முடியும்வரை கொடுக்காதீர்கள். புதியதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் உங்கள் காரின் அசல் தகவல் அதில்தான் இருக்கிறது.